முதுகுவலிக்கும் ஒரு கோடு இருக்கு: உங்க பர்ஸைத் தீர்மானிக்கிற அந்த ஒரு வரி



ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல எப்போ வீடியோ போட்டாலும் கமெண்ட்ல ஒரே மாதிரி ஒரு கேள்வி வந்துடும். "ப்ரோ, எனக்கு வயசு 26. கொஞ்சம் முதுகுவலி தவிர வேற ஒண்ணும் இல்ல. இப்பவே பாலிசி எடுக்கணுமா?"

கேள்விக்குள்ளேயே பதில் இருக்கு. அந்த "கொஞ்சம் முதுகுவலி" வர்றதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். வந்துடுச்சா? பரவாயில்ல, இன்னிக்கே எடுங்க, மறைக்காம எடுங்க. ஏன்னு கேட்டா, முதுகுவலியைப் பொறுத்தவரை உங்க பணம் எவ்வளவு போகும்னு முடிவு பண்றது வலியோட அளவு இல்ல. உங்க மருத்துவ ஃபைல்ல எழுதியிருக்கிற ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படிக்கத் தெரியாதவங்க வலியையும் அனுபவிச்சு, காசையும் இழக்கிறாங்க. இதுதான் என் கருத்து. ஏன்னு வரிசையா சொல்றேன்.

அமெரிக்காக்காரர் முதுகு, நம்ம ஊர் கீபோர்டு

பெரம்பலூர்ல இருந்து துறையூர் போற ரோட்டுல குரும்பலூர். சுத்தி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அங்கேயே ஒரு அரசு கலை அறிவியல் கல்லூரி. இந்தப் பக்கம் டிகிரி முடிக்கிற பிள்ளைங்க பலருக்குக் கண்ணுல படுற முதல் வேலைகள்ல ஒண்ணு, திருச்சியிலயோ சென்னையிலயோ மெடிக்கல் கோடிங். பயாலஜி படிச்சவங்க, நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி முடிச்சவங்கன்னு எல்லாரும் இதுக்குள்ள வர்றாங்க.

வேலை என்ன? அமெரிக்காவுல ஒருத்தர் டாக்டரைப் பார்க்கிறார். டாக்டர் எழுதின குறிப்பு இங்க வருது. அதைப் படிச்சு, நோய்க்கு ஒரு ஐசிடி-10 கோடு, செஞ்ச சிகிச்சைக்கு ஒரு சிபிடி கோடு போடணும். அந்தக் கோடை வெச்சுத்தான் அங்க இருக்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டருக்குப் பணம் கொடுக்கும். கோடு தப்பா இருந்தா பணம் நிக்கும். அதனால கோடருக்கு ஒரு நாளைக்கு இத்தனை சார்ட்னு டார்கெட், அதுக்கு மேல குவாலிட்டி வேற. எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலி, ரெண்டு ஸ்கிரீன். கொஞ்ச வருஷம் போனா, அடுத்தவங்க முதுகுவலிக்குக் கோடு போட்டவருக்கே இடுப்பு பிடிச்சுக்கும்!

இந்தத் துறையில இருக்கிறவங்களுக்கு எம்54.5 பழகின நம்பர். கீழ்முதுகு வலிக்கான கோடு அது. அமெரிக்காவுல 2015 அக்டோபர் 1-ல ஐசிடி-10 நடைமுறைக்கு வந்ததுல இருந்து, இடுப்பு வலின்னா இந்த ஒரே கோடுதான். 2021 அக்டோபர் 1-ல அதை மூணாப் பிரிச்சாங்க. காரணம் குறிப்பிடாத வலி எம்54.50. முதுகெலும்போட தட்டுப்பகுதியில இருந்து வர்ற வலி எம்54.51. மத்த வகை எம்54.59. அன்னியிலிருந்து பழைய எம்54.5-ஐ மட்டும் போட்டு அனுப்பினா செல்லாது. கடைசியில ஒரு இலக்கம் குறைஞ்சதுக்காகப் பணம் நிக்கும்.

வலி அதே வலிதான். மாறினது எழுத்து மட்டும். ஆனா பணம் எழுத்துக்குப் பின்னாடிதான் போகுது.

"அது அமெரிக்கா கதை, நமக்கென்ன?"ன்னு கேக்கலாம். நம்ம நாட்டு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ஃபாரத்தை எடுத்துப் பாருங்க. அதுல பகுதி 'பி' ஆஸ்பத்திரி நிரப்ப வேண்டியது. அங்கேயும் நோய்க்கான ஐசிடி-10 கோடுக்குக் கட்டம் இருக்கு. அடுத்தவங்களுக்காக நீங்க தட்டுற அதே வகைக் கோடு, ஒருநாள் உங்க பேருக்கு நேராவும் வரும். அன்னிக்கு அதைத் தட்டப்போறது வேற யாரோ.

சந்தேகத்துக்குக் கோடு கிடையாது

கோடர்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிற விதிகள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிநோயாளி குறிப்புல டாக்டர் "இருக்கலாம்", "சந்தேகப்படுறேன்", "இல்லைன்னு உறுதி பண்ணணும்"னு எழுதியிருந்தா, அந்த நோய்க்குக் கோடு போடக் கூடாது. உறுதியாத் தெரிஞ்சது எதுவோ அதுக்கு மட்டும்தான். முதுகு வலிக்குதுன்னு மட்டும் தெரிஞ்சா, முதுகுவலி. அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல நடக்கிறது இதுக்கு நேர் எதிர். ரெண்டு நாள் இடுப்பு வலிச்சா போதும். பக்கத்து வீட்டு அக்கா "ஜவ்வு விலகியிருக்கும்"னு சொல்லுவாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் "டிஸ்க் பல்ஜ், எனக்கும் இருந்துச்சு"ன்னு ஆரம்பிப்பார். மாமா "எலும்பு தேய்மானம்"னு முடிச்சிடுவார். இதுல எதுவும் உறுதியாகல. ஆனா அதுக்குள்ள ஸ்கேன் சென்டர்ல நம்ம பேரு பதிவாகிடும்.

உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்லுது? கீழ்முதுகு வலியில சுமார் 90 சதவீதம், குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாக் காட்ட முடியாத வகை. 2020-ல மட்டும் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்கு இந்த வலி இருந்ததா அவங்க கணக்கு. இதுல பெரும்பான்மைக்கு நேர்மையான டயக்னோசிஸ் "முதுகுவலி"ங்கிற ஒரே வார்த்தைதான். அதைக் கேட்டா நமக்குத் திருப்தி வர மாட்டேங்குது. "என்ன டாக்டர் இவர், ஸ்கேன்கூட எழுதல"ன்னு அடுத்த டாக்டரைத் தேடுறோம். அந்த அதிருப்தியோட விலைதான் ஸ்கேன் பில்.

ஸ்கேன் எடுத்தா ஏதாவது தெரியும். அதுதான் பிரச்சினை

முதுகுவலியே இல்லாத ஆட்களோட ஸ்கேன்களைப் பத்தின ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல ஒரு கட்டுரை வந்துச்சு. வலியே இல்லாத 20 வயதுக்காரர்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிஞ்சது. 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். 80 வயசுல தேய்மானம் 96 சதவீதம், பல்ஜ் 84 சதவீதம்.

திரும்பப் படிங்க. இவங்க யாருக்கும் வலி இல்ல.

அப்போ 26 வயசுல இடுப்பு வலியோட போய் எம்ஆர்ஐ எடுத்தா, ரிப்போர்ட்ல "பல்ஜ்"னு வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. அதுதான் வலிக்குக் காரணமான்னு ஸ்கேனால மட்டும் சொல்ல முடியாது. ஆனா அந்த வார்த்தை ஃபைல்ல ஏறிடும். நடைக்கு முடி நரைக்கிற மாதிரி சாதாரண மாற்றமா இருந்தாலும், காகிதத்துல அது ஒரு நோய் மாதிரி உக்காந்துக்கும். அதுக்கப்புறம் நீங்க குனியவே பயப்படுவீங்க. அதுவே வலியை நீட்டிக்கும்.

அபாய அறிகுறி இல்லாத புது முதுகுவலிக்கு, முதல் ஆறு வாரம் ஸ்கேன் தேவையில்லைங்கிறது டாக்டர்கள் சங்கங்களே சொல்ற வழிகாட்டுதல். பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானா குறைஞ்சிடும்.

ஆனா கவனம்! சிலதுக்கு ஆறு வாரமும் கிடையாது, ஆறு மணி நேரமும் கிடையாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போறது. தொடை இடுக்கு, ஆசனவாய் சுத்தி மரத்துப் போறது. காலுக்கு வலு குறைஞ்சுக்கிட்டே போறது. இது வந்தா நேரா எமர்ஜென்சி. அதே மாதிரி காய்ச்சலோட முதுகுவலி, காரணமில்லாம எடை குறையுறது, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவங்க, கீழே விழுந்த அடி, இதெல்லாம் இருந்தா தள்ளிப் போடவே கூடாது. நம்ம நாட்டுல முதுகெலும்புக் காசநோயும் உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்கிற பேச்சு இங்க செல்லாது. நான் சொல்றது "டாக்டர்கிட்ட போகாதீங்க"ன்னு இல்ல. டாக்டர் வேணாம்னு சொன்ன ஸ்கேனை நீங்களா கேட்டு வாங்காதீங்கன்னு.

பெல்ட்டுக்கும் இழுவைக்கும் கொடுத்த காசு

2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க. வழக்கமா கொடுக்க வேண்டாம்னு சொன்ன லிஸ்ட்ல எது இருக்கு தெரியுமா? இடுப்பு பெல்ட். இடுப்பை இழுத்துக் கட்டுற டிராக்‌ஷன். ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள். செய்யலாம்னு சொன்ன லிஸ்ட்ல: வலியைப் பத்திப் புரிய வைக்கிறது, உடற்பயிற்சி, மசாஜ் மாதிரி சில பிசியோதெரபி முறைகள், மனரீதியான சிகிச்சை, சில அழற்சி மாத்திரைகள்.

கவனிச்சீங்களா? வேண்டாம்ங்கிறது எல்லாம் கடையில வாங்குறது. வேணும்ங்கிறதுல பாதிக்கு மேல நாம நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியது. சம்பளக்காரங்க நாம முதல் வகைக்குக் காசு கொடுத்துடுவோம், ரெண்டாவது வகைக்கு நேரம் கொடுக்க மாட்டோம். இஎம்ஐ-யில ஆயிரக்கணக்குல நாற்காலி வாங்குறவர், மணிக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடக்க மாட்டார். அது இலவசம்ங்கிறதால மதிப்பு இல்ல போல!

இப்போ இன்ஷூரன்ஸ்: இங்கேயும் கோடுதான்

ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா விலக்குகளுக்கு நம்பர் கொடுத்து வெச்சிருக்கு. உங்க பாலிசி புத்தகத்துல எக்ஸ்க்ளூஷன் 01, 02ன்னு இருக்கும். முதுகுக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது நாலு.

01, ஏற்கெனவே இருந்த நோய். பாலிசி எடுக்கிறதுக்கு முந்தின 36 மாசத்துக்குள்ள டாக்டர் கண்டுபிடிச்சதோ, சிகிச்சை எடுத்ததோ, சிகிச்சை எடுக்கச் சொன்னதோ இதுல வரும். 2024 ஏப்ரல் 1-ல இருந்து இதுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம். முன்னாடி 48.

02, குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பு. பல பாலிசிகள்ல டிஸ்க் விலகல் இந்த லிஸ்ட்ல இருக்கு. 2020 ஏப்ரல்ல எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க ஆரம்பிச்ச ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில இதுக்கு 24 மாசம். விபத்தால வந்தா இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதாவது, உங்களுக்கு இதுவரைக்கும் முதுகுவலியே இல்லேன்னாலும், பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் ஆகாம டிஸ்க் ஆபரேஷனுக்குப் பணம் வராது.

04, பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆகறது. "அட்மிட் ஆகி ஸ்கேன் எடுத்தா க்ளெய்ம் கிடைக்கும்"னு ஒரு ஐடியா ஆபீஸ் கேன்டீன்ல சுத்திக்கிட்டே இருக்கும். கிடைக்காது. ஸ்கேனுக்காகவே படுத்தீங்கன்னா இந்த நம்பரைப் போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. ஸ்கேன் காசோட ரூம் வாடகையும் சேர்ந்து உங்க தலையில விழும்.

05, ஓய்வுக்காகப் படுக்கிறது. சிகிச்சை எதுவும் இல்லாம பெட் ரெஸ்ட்டுக்காக அட்மிட் ஆனாலும் இல்ல. மருத்துவமே இப்போ பெட் ரெஸ்ட்டை ஆதரிக்கிறதில்ல.

இன்னொண்ணு. முதுகுவலிக்கு உண்மையில உதவுறது பிசியோதெரபியும் உடற்பயிற்சியும்னு பார்த்தோம். அது வெளிநோயாளி செலவு. சாதாரண பாலிசியில ஓபிடி கவர் இருக்காது. ஆக, இன்ஷூரன்ஸ் உங்களுக்கு ஆபரேஷனுக்குத்தான் பணம் கொடுக்கும். ஆபரேஷன் தேவைப்படாம பார்த்துக்கிறதுக்குக் கொடுக்காது. இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. நியாயமே இல்லாத ஏற்பாடுன்னுகூட சொல்லுவேன். ஆனா அது மாறுற வரைக்கும், அந்தப் பகுதியை நம்ம அவசர கால நிதிதான் தாங்கணும்.

"கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே ப்ரோ"

நல்ல விஷயம். கம்பெனி குரூப் பாலிசியில பெரும்பாலும் காத்திருப்பே இருக்காது. ஆனா அது உங்க நாற்காலியோட ஒட்டினது. வேலையை விட்டா, கம்பெனி உங்களை விட்டா, கவரும் போச்சு. கோடிங் வேலையில எத்தனை பேர் ரெண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். 32 வயசுல, ஃபைல்ல "டிஸ்க் பல்ஜ்" ஏறின பிறகு தனிப் பாலிசி வாங்கப் போனா, காத்திருப்பு அன்னிக்குத்தான் ஆரம்பிக்கும். 25-ல எடுத்தவருக்கு 28-லயே அது முடிஞ்சிருக்கும். வேலையை விடும்போது அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனிப் பாலிசிக்கு மாறிக்கிற வசதியும் இருக்கு. ராஜினாமா கடிதம் கொடுக்கிற வாரமே எச்ஆர்கிட்ட இதைக் கேளுங்க.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்க, ஒரு நிமிஷம். உங்க பே ஸ்லிப்ல இஎஸ்ஐன்னு ஒரு பிடித்தம் இருக்கா? 18,000 சம்பளம்னா 0.75 சதவீதம், மாசம் 135 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம் போடுது. இதுல வெளிநோயாளி சிகிச்சையும் உண்டு, உங்களைச் சார்ந்து இருக்கிற குடும்பத்துக்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்தே மருத்துவ வசதி. தகுதியான அளவு சந்தா கட்டியிருந்தா, உடம்பு முடியாம லீவு போட்டாலும் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். டிஸ்பென்சரி தூரம், கூட்டம் ஜாஸ்தின்னு ஒதுக்கிட்டு, தனியார்ல காசைக் கொட்டுறவங்க நிறைய. முதல்ல ஒரு தடவை போய்ப் பாருங்க. சம்பளம் 21,000-ஐத் தாண்டினதும், அந்தப் பங்களிப்பு காலம் முடியுறப்போ இது நின்னுடும். இன்க்ரிமென்ட் லெட்டர் கையில வந்த நாள்தான், தனிப் பாலிசி எடுக்க வேண்டிய நாள்.

ஊர்ல அப்பா அம்மா களை எடுத்து, வெங்காயம் அரிஞ்சு, மூட்டை தூக்கி இடுப்பு ஒடிஞ்சு இருப்பாங்க. அவங்க வலிதான் உண்மையில ரொம்பப் பழைய வலி. அதுக்கு யாரும் கோடு போட்டதில்ல. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கிக் கொடுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, தேவைப்படுறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிற ஏற்பாடும் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டாச் சொல்லுவாங்க.

"வலியைச் சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?"

ஏஜென்ட்டே சில நேரம் சொல்லுவார்: "முதுகுவலி எல்லாம் எழுதாதீங்க தம்பி, பிரீமியம் ஏறும்." கேக்காதீங்க. க்ளெய்ம் வர்ற அன்னிக்கு ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல டாக்டர் "ரெண்டு வருஷமா வலி"ன்னு நீங்க சொன்னதையே எழுதியிருப்பார். அந்த ஒரு வரியை எடுத்து வெச்சு, மறைச்சுட்டீங்கன்னு க்ளெய்மை நிராகரிக்க முடியும். பாலிசியையே ரத்தும் பண்ண முடியும். 60 மாசம் தொடர்ந்து கட்டிட்டா அதுக்கப்புறம் கேள்வி கேக்க முடியாதுங்கிற விதி இருக்கு. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்தப் பாதுகாப்பும் கிடையாது. டாக்டர்கிட்ட "ஆறு மாசமாத்தான்னு மாத்தி எழுதுங்க"ன்னு கேக்கிறதும் அதே ரகம்தான். உண்மையைச் சொல்லி மூணு வருஷம் காத்திருக்கிறது, பொய் சொல்லி அஞ்சு வருஷம் பயப்படுறதை விட மலிவு.

அதே நேரம், ஃபைல்ல தப்பா எழுதியிருந்தா திருத்தச் சொல்றது உங்க உரிமை. ரெண்டு வாரமா வலின்னு நீங்க சொன்னதை ரெண்டு வருஷம்னு எழுதியிருந்தா? டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துப் போட்டு வாங்குறதுக்கு முன்னாடியே படிங்க. பிரியாணி பில்லைக்கூட ரெண்டு தடவை சரிபார்க்கிற நாம, லட்ச ரூபாய் க்ளெய்மைத் தாங்கி நிக்கிற காகிதத்தைப் படிக்காம மடிச்சுப் பையில வெச்சுக்கிறோம்.

சரி, என்ன பண்ணலாம்?

ஒண்ணு: இந்த வாரமே பாலிசி புத்தகத்தைத் திறந்து, டிஸ்க் பத்தி எங்க எழுதியிருக்குன்னு தேடுங்க. காத்திருப்பு எத்தனை மாசம், எந்தத் தேதியில முடியுதுன்னு போன் காலண்டர்ல போட்டு வைங்க.

ரெண்டு: தனிப் பாலிசி இல்லேன்னா எடுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு. இதைவிட நல்ல நேரம் தேடாதீங்க.

மூணு: வலி வந்தா டாக்டர்கிட்ட மூணு கேள்வி. "அபாய அறிகுறி ஏதாவது இருக்கா? ஸ்கேன் எடுத்தா சிகிச்சை மாறுமா? நான் என்ன உடற்பயிற்சி செய்யணும்?" ரெண்டாவது கேள்விக்கு "மாறாது"ன்னு பதில் வந்தா, ஸ்கேன் காசு உங்க பையிலயே இருக்கட்டும்.

நாலு: அந்தக் காசுல நல்ல பிசியோதெரபிஸ்ட்டை நாலு தடவை பாருங்க. கத்துக்கிட்டதை வீட்டுல தினமும் செய்யுங்க.

மெடிக்கல் கோடிங்ல இருக்கிற நண்பர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. உறுதியாகாத நோய்க்கு நீங்க கோடு போட மாட்டீங்க. போட்டா ஆடிட்ல எரர் விழும்னு தெரியும். அந்தக் கறாரை உங்க சொந்த முதுகு விஷயத்துலயும் காட்டுங்க. உங்க வீட்டுல, ஊர்ல யாராவது டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி "இதுல என்னப்பா எழுதியிருக்கு?"ன்னு கேட்டா, உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சுச் சொல்லுங்க. அந்தப் பேப்பரைப் படிக்கத் தெரிஞ்ச முதல் ஆள் அந்தத் தெருவுலயே நீங்களாத்தான் இருப்பீங்க.

உங்க பாலிசியில டிஸ்க்குக்கு எத்தனை மாசம் காத்திருப்புன்னு தேடிப் பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க. இப்போ எழுந்து ரெண்டு நிமிஷம் நடந்துட்டு வாங்க. அடுத்த பதிவுல பார்ப்போம்.